அண்ணாவின் லீவுக் கடிதங்கள்

முட்டைக் கோப்பி மணம் வந்தால் இன்றைக்கும் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். பச்சை முட்டையை உடைத்துச் சீனி போட்டு, நுரை வரும்வரை அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றினால் மேலே மஞ்சள் நுரை ஒன்று எழும்பி நிற்கும். நோய்க்காரருக்கு நல்லது என்பார்கள். எங்கள் வீட்டில் நோயில்லாத ஒருவனுக்கு இரண்டு மாதம் காலையும் மாலையும் அதைக் கொடுத்தோம். அவன் குடிக்காமல் வைத்தால் நுரை அமர்ந்து தம்ளர் விளிம்பில் தோல் மாதிரிக் காய்ந்துவிடும். அதைச் சுரண்டிக் கழுவியவள் நான்.

அந்த ஒருவன் என் அண்ணா. அப்போது அவனுக்குப் பதினேழு, எனக்குப் பதினாறு. நாலு வருடம் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் யாரும் அந்தக் கதையை அது நடந்தபடி சொல்வதில்லை. ஆளுக்கொரு விதமாகத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கக் கேட்க அருவருப்பாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு. முன்னால் விறாந்தை, உள்ளே சின்ன மண்டபம், அதிலிருந்து இரண்டு அறைகள். அறைகளுக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருவேறிக் கையில் ஒட்டும். ஐயா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது, கோட்டைப் பகுதியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அவர் பார்ப்பது லீவுப் பகுதி. யார் எத்தனை நாள் வரவில்லை, ஏன் வரவில்லை, டொக்டர் சேர்டிபிக்கேட் உண்டா, அதில் முத்திரை உண்டா என்று பார்த்துப் பைலில் கட்டி வைப்பது. இருபத்திரண்டு வருடம் இதையே செய்த மனுஷன். ஒருவன் வரவேண்டிய இடத்துக்கு வராமல் இருப்பதற்கு உலகத்தில் இரண்டே காரணங்கள்தான் உண்டு என்று அவர் மனதார நம்பினார். ஒன்று சாவு. மற்றது, உரிய கடுதாசியோடு வருகிற நோய்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணை தொடங்கிய திங்கட்கிழமை காலை அண்ணா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஐயா சப்பாத்துப் போட்டு முடித்துவிட்டுத் திரையை விலக்கினார்.

"தம்பி, றெயிலுக்கு நேரமாச்சு."

"நான் போகேல்லை."

"இண்டைக்கோ?"

"இனி."

அவன் அப்படிச் சொன்ன குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கடையில் போய் அரிசி இல்லையாம் என்று வந்து சொல்கிற மாதிரிச் சொன்னான். ஜூனியர் சோதனை பாஸ் பண்ணி, சீனியர் வகுப்பில் ஒரு தவணை இருந்தவன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. காய்ச்சல் இல்லை. ஐயா காலைப் பிடித்து இழுத்தார். அண்ணா கட்டில் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கட்டில் அரையடி நகர்ந்ததே தவிர அவன் நகரவில்லை. ஐயாவின் கண்ணாடி விழுந்தது. அதைத் தேடித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பின்னேரம் வந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு றெயிலுக்கு ஓடினார். மகன் விழுந்து கிடந்தாலும் லீவுப் பகுதி எட்டேமுக்காலுக்குத் திறக்கவேண்டும்.

பின்னேரமும் கதைத்தார், அடுத்த பின்னேரமும் கதைத்தார். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார். "சைக்கிள் வேணும், பள்ளிக்கூடம் வேண்டாம்" என்றான் அண்ணா. இடுப்புப் பட்டியால் அடித்தார். அடி விழும்போது அவன் சுவரில் கையைக் குத்திக்கொண்டிருந்தான். சுண்ணாம்புச் சுவரில் விரல் முட்டியின் இரத்தம் நாலு புள்ளியாகக் காய்ந்தது. அம்மா அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டா. சாத்திரியார் சனி என்றார். கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். நானும் என் பங்குக்குப் பக்கத்தில் இருந்து சோதனையின் மகிமைகளை எடுத்துச் சொன்னேன். எனக்குப் படிப்பு என்றால் பைத்தியம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் நானும் சீனியர் வகுப்புத்தான். ஒரு வகுப்புத் தாண்டி ஏற்றியிருந்தார்கள். எனக்குத் தேன் மாதிரி இருக்கும் ஒன்றை இவன் எச்சிலாகத் துப்புகிறான் என்று எனக்குக் கோபம்.

அவன் துப்பத்தான் செய்தான். நாள் முழுக்க நகத்தைக் கடித்துக் கட்டிலுக்குக் கீழே துப்புவான். குளிப்பதில்லை. தலையணை உறை எண்ணெய்ப் பிசுக்கில் பளபளக்கும். காலையில் நான் கூட்டுவதற்குத் தும்புத்தடியோடு உள்ளே போனால் பிறைத் துண்டு நகங்கள், உரித்த தோல், சாப்பிடாமல் ஒளித்த பாண் துண்டில் எறும்பு. "சீ, மனுசன் மாதிரி இரன்" என்பேன். அவன் என்னைப் பார்க்கவே மாட்டான். பின்னேரங்களில் மட்டும் எழும்பித் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லுகளில் போய் இருப்பான். அவன் கொஞ்சமாவது முகம் தெளிந்து வந்தது அந்த வேளைகளில்தான் என்று இப்போது தெரிகிறது.

இருபது நாளாகி, மூன்றாம் கிழமை முடியும்போது பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மகன் வராததற்குக் காரணம் என்ன, அறிவிக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று. நாங்கள் ஐயா உடைந்துபோவார் என்று நினைத்தோம். அவரோ அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, இரண்டு கையாலும் தடவி நேராக்கி, நாட்கணக்கில் செத்துப்போயிருந்த முகத்தோடு முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடுதாசியை என்ன செய்வதென்று தெரியும்.

"பேர் இருக்கவேணும்" என்றார் அம்மாவிடம். "இஞ்சாரும், பேர் ரெஜிஸ்டரில இருக்குமட்டும் ஒண்டும் நடக்கேல்லை. மனம் மாறி எப்ப போனாலும் இடம் இருக்கும். வெட்டிப்போட்டாங்களோ, முடிஞ்சுது."

"வரமாட்டனெண்டு சொல்லுறவனுக்கு என்னத்தை எழுதப்போறியள்?"

"வரமாட்டனெண்டு ஒருத்தனும் எழுதுறேல்லை. இருபத்திரண்டு வருசத்தில ஒரு கடுதாசி அப்பிடி நான் காணேல்லை."

சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்த அப்போதிக்கரி, மருந்தும் சேர்டிபிக்கேட்டும் கொடுக்கிற அரை டொக்டர், ஐயாவுக்குச் சிநேகிதர். கந்தோர் ஆட்களில் பாதிப் பேரின் லீவுச் சேர்டிபிக்கேட்டில் அவர் கைச்சாத்துத்தான். கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறவனுக்கும் அவர் எழுதிக் கொடுப்பது வயிற்றோட்டம். அண்ணாவுக்கும் முதலில் வயிற்றோட்டம்தான், இரண்டு கிழமை. அது முடிய மலேரியா, ஒரு மாதம். குருநாகல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்து பிடித்ததாம். எங்களுக்குக் குருநாகலில் ஒரு ஈ காக்கை இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐயா மேசையில் குந்தி இங்கிலிஷில் கடிதம் வரைவார். நாக்கு நுனி பல்லுக்கு நடுவே தெரியும். எழுதி முடித்தால் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். இதில் நான் சுத்தமான ஆள் என்று சொன்னால் அதுவும் மினுக்கிய கதையாகிவிடும். நான் சந்தோஷமாக வாசித்தேன். திருத்தினேன். மூன்றாவது கடிதத்துக்கு 'கொன்வலசென்ற்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தவள் நான். நோய் மாறித் தேறி வருகிறவன் என்று அர்த்தம். ஐயா அந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுதலுக்காக இன்னும் நாலு சொல் தேடிக் கொடுத்திருப்பேன்.

மலேரியா முடிந்தும் அண்ணா எழும்பவில்லை. நீண்ட லீவு வேண்டும். அதற்கென்று ஐயாவும் அப்போதிக்கரியும் டிஸ்பென்சரியின் பின்னறையில் இருந்து யோசித்துப் பிடித்ததுதான் நெஞ்சுப் பலவீனம். "கசமெண்டு போடேல்லை, கவனியும்" என்று ஐயா வீட்டில் வந்து விளக்கினார். கசம் என்பது காசநோய். "பலவீனமெண்டுதான் போட்டிருக்கு. கேக்கிறவன் தானாய்ப் பயந்து பேசாமல் இருப்பான்." தன் கெட்டித்தனத்தில் அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அவர் எண்ணியபடி பள்ளிக்கூடம் பேசாமல் இருந்தது. ஆனால் பொய்க்கு வீட்டிலும் சேவகம் செய்யவேண்டி வந்தது. நெஞ்சு பலவீனமான பையன் பின்னேரம் கல்லில் குந்தியிருந்து கடற்காற்றுக் குடிக்கலாமா? போகாதே என்று ஐயா தடுத்தார். அண்ணா வாதாடவில்லை. போகாமல் விட்டான். வெயில் படாமல் கிடந்து உண்மையாகவே வெளிறிப்போனான். அயலார் பார்க்கட்டும் என்று அம்மா அவன் கோப்பையையும் தம்ளரையும் தனியே கழுவிக் கிணற்றுக் கட்டின்மேல் கவிழ்த்தா. இரண்டு கிழமையில் அது வேஷம் என்பதை அம்மாவே மறந்துவிட்டா. ஒருநாள் அவன் தம்ளரில் நான் தண்ணீர் வார்த்துக் குடிக்கப்போக, "ஐயோ பிள்ளை, அதிலை குடியாதை" என்று தட்டிப் பறித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டா. முட்டைக் கோப்பி, ஆட்டீரல் சூப்பு, பேரீச்சம்பழம். அவன் எதையும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. படிக்கமாட்டேன் என்கிறவனுக்கு ஒரு தாய் என்ன சமைப்பது? நெஞ்சுப் பலவீனத்துக்கென்றால் சமைக்க எவ்வளவோ உண்டு.

பக்கத்து வீட்டு மாமி இரண்டு தடவை தோடம்பழம் கொண்டுவந்தா. திரை ஓரமாக எட்டிப் பார்த்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "பாவம், நல்லாய் உருகிப்போனான்" என்றா. அவவின் மகள் என் பள்ளிக்கூடம், எனக்கு ஒரு வகுப்புக் கீழே.

அடுத்த மாதம் இரண்டாம் கிழமை அண்ணாவின் வகுப்பு மாஸ்டர் சுகம் விசாரிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல மனுஷன், உண்மையான அக்கறையோடுதான் வந்திருப்பார். எங்கள் வீட்டில் அதுவே பெரிய இடி. ஐயா அரை நாள் லீவு போட்டார், அதுவும் வயிற்றோட்டம்தான், வந்து அண்ணாவின் கட்டிலடியில் நின்றார்.

"தம்பி, நீ கதைக்கவேண்டாம். கண்ணை மூடிப் படு. நான் உன்ரை பேரைச் சொல்லேக்கை மட்டும் ரெண்டு தரம் இருமு. போதும்."

அண்ணா அவரைப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு ஒருவரை நேராகப் பார்த்தான்.

"எனக்கு இருமல் இல்லை."

"இல்லையெண்டு தெரியும். இருமு எண்டுதான் சொல்லுறன்."

"மாட்டன்."

பாடம் படிக்கமாட்டேன் என்றவன் இதற்கும் மாட்டேன் என்றான். ஐயா வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அங்கே நான் நின்றேன். பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்தவள், நாடகம் என்றால் முந்திக்கொண்டு பெயர் கொடுப்பவள். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான், "அறைக்குள்ள நிண்டு நான் இருமுறன் ஐயா" என்றேன்.

மாஸ்டர் மண்டபத்தில் கதிரையில் இருந்தார். நான் திரைக்குப் பின்னால், அண்ணாவின் தலைமாட்டில் நின்றேன். ஐயா குரலைத் தாழ்த்தி, "பொடியன் படிக்கவேணுமெண்டுதான் ஏங்கிறான் சேர்" என்றார். நான் அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் எடுத்தேன். முதலில் வறட்டு இருமல், பிறகு சளி இழுக்கிற மாதிரி, கடைசியில் மூச்சு வாங்கி ஒரு முனகல். அம்மா அடுத்த அறையில் அழத் தொடங்கினா. அது நடிப்பில்லை. மாஸ்டர் தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பினார். "அவசரமில்லை, நன்றாகத் தேறட்டும். இடம் இருக்கும்" என்று வாசலில் நின்று சொன்னார். அண்ணா தலையணையில் கிடந்து முழு நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டிலடியில் துப்பியதைக் காணும்போது நான் அவனைப் பார்ப்பேனே, அதே அருவருப்போடு.

மாஸ்டர் போனபின் ஐயா என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பெருமைதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. அது ஆணின் இருமல் இல்லை, என்னுடையது என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது; மகள் வழியாகக் கதை என் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பத்து நாள் கழித்து, காலைச் செபம் முடிய, பள்ளிக்கூடத் தலைவியான மதர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், வாசற்படியில் நான். நடுவே மெழுகு போட்டு மினுக்கிய வெறும் தரை.

"உமது வீட்டில் நெஞ்சு நோயாளி இருக்கிறார். நீர் ஏன் சொல்லவில்லை?"

நான் வாசற்படியில் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"உமக்கும் இருமல் என்று கேள்விப்பட்டேன். பெற்றோர்கள் என்னைக் கேட்கிறார்கள். நீர் வீட்டுக்குப் போம். பொரளையில் நெஞ்சு நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. உமக்கும் உமது தமையனுக்கும் அங்கேயிருந்து கடிதம் கொண்டுவந்தால் வரலாம். சோதனைக்குப் பெயர் அனுப்புவது இந்த மாத முடிவில். அதற்குள் வந்தால் உம்முடைய பெயரும் போகும்."

மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புத்தகங்களை எடுக்க வகுப்புக்குப் போனேன். என் மேசையை ஏற்கனவே யன்னல் ஓரம் இழுத்து வைத்துவிட்டார்கள். ஒருத்தி என் பேனையை விரல் நுனியால் தூக்கித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து, ஐயா சப்பாத்துக் கழற்றும்வரை காத்திருந்து சொன்னேன். மிகச் சுலபமான காரியம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவது, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்குவது, திரும்பிப் போவது. ஐயா ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"அது ஏலாது பிள்ளை."

"ஏன் ஐயா?"

"ஒண்டுமில்லையெண்டு அவை எழுதினால், முன்னம் எழுதினது பொய்யெண்டு ஆகும். அந்தாளின்ரை டிஸ்பென்சரி போகும். நான் லீவுப் பகுதியில இருக்கிறவன். என்ரை மேசையிலயே கள்ளச் சேர்டிபிக்கேட் எண்டு கதை வந்தால்?"

"எனக்குச் சோதனை, ஐயா."

"அடுத்த வருசமும் சோதனை வரும்தானே. பொம்பிளைப் பிள்ளை, ஒரு வருசம் பிந்தினால் என்ன?" பிறகு, எனக்கு நல்லது செய்கிற நினைப்போடு, முகம் மலர்ந்து, "பேர் வெட்டாமல் நான் பாக்கிறன். உமக்கும் ஒண்டு எடுத்துத் தாறன். ரைபோயிட் காய்ச்சல் எண்டு போடுவிப்பம். ரைபோயிட்டுக்கு மூண்டு மாதம் தாராளமாய்க் கிடைக்கும்" என்றார்.

நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய், கிணற்றடியில் குந்தி, வாந்தி எடுத்தேன். அம்மா பின்னால் வந்து முதுகைத் தடவினா. கையில் தம்ளர். "கொஞ்சம் முட்டைக் கோப்பி குடி பிள்ளை." அந்தத் தம்ளரைத் தட்டிவிட்டேன். அம்மாவின் சேலை முழுக்க மஞ்சள் நுரை. அம்மா தண்ணீர் அள்ளிச் சேலையைக் கழுவினா.

அடுத்த நாள் ஐயா கந்தோருக்குப் போனபின் அண்ணாவின் அறைக்குள் போனேன். நாக்கில் இருந்ததெல்லாவற்றையும் கொட்டினேன். ஊத்தையன், சோம்பேறி, உன்னால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, உன் நகத்தைப் பொறுக்கியே என் காலம் போகிறது. அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னான்.

"நான் இருமேல்லையே. இருமினது நீதானே."

நான் கட்டில் விளிம்பில் குந்தினேன்.

"நான் சொன்னது ஒரே ஒரு சொல். போகமாட்டன். வயித்தோட்டம், மலேரியா, நெஞ்சு, எல்லாம் நீங்கள் மூண்டு பேரும் சேந்து எழுதினது. நல்ல இங்கிலிஸ்."

"பொரளைக்கு வாறியோ?" என்று கேட்டேன். 

"வந்தால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைப் போ எண்டு சொல்லக்கூடாது. முதலிலை நீ."

"சொல்லமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

அவன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். ஒரு முழுக்கட்டிச் சவுக்காரம் தேய்ந்திருக்கும். கழுத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடுவதை அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா. எங்கே போகிறோம் என்று சொன்னேன். ஐயாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லுவா என்று பார்த்தேன். "வெயில் ஏறமுந்திப் போட்டு வாங்கோ" என்றா.

பஸ்ஸில் அவன் யன்னல் பக்கம் இருந்தான். நாலு மாதத்துக்குப் பிறகு றோட்டைப் பார்க்கிறான். ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு கராஜ் வாசலில், திறந்து போட்ட கார் ஒன்றின் வயிற்றுக்குள் இரண்டு பேர் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். பஸ் தாண்டிப் போனபிறகும் அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியின் நீளமான விறாந்தையில் மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட தகரப் பேணி. அதற்குள்தான் துப்பவேண்டும். பினைல் மணத்தையும் மீறி ஒரு இனிப்பு நாற்றம். எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், மடியில் குழந்தை. அவளுக்கு இருமல் வந்தபோது குழந்தையை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் திரைக்குப் பின்னால் எடுத்த இருமல் அல்ல அது. என்னுடையது பெரிய சத்தம். இது சின்னச் சத்தம். நிற்காது, அவ்வளவுதான். நிற்காமல் போய், அவள் பேணியின் மூடியைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வாங்கில் இருந்த எல்லாரையும்விட நான்தான் ஊத்தை என்று தோன்றியது. இடம் மாறிப் போய் உட்காரவும் மனம் வரவில்லை.

டொக்டர் இரண்டு பேரின் நெஞ்சையும் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், படம் எடுக்க அனுப்பினார். கண்டிச் சிங்களவர், இங்கிலிஷில்தான் கதைத்தார். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இரண்டு பேருக்கும் நெஞ்சில் ஒன்றுமில்லை. நீ ஏன் நாலு மாதம் கட்டிலில் கிடந்தாய்?" என்று அண்ணாவைக் கேட்டார்.

"பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்னேன். அதற்காகக் கிடத்தி வைத்தார்கள்."

டொக்டர் சிரிக்கவில்லை. "ஏன் போகமாட்டாய்?"

 முன்பின் தெரியாத அந்த மனுஷனிடம் அண்ணா சொன்னான். வகுப்புக்குள் போய் இருந்தால் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கை வேர்க்கும். மூச்சு மேலே வராது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து இருக்கும், ஆனால் அது என்னவென்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பி நிற்கக் கால் வராது. போன தவணை முழுக்க அப்படி.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டவள். ஏன் என்று நாங்கள் மூன்று பேரும் அவனை ஆயிரம் தடவை கேட்டோம். பதிலுக்காக ஒரு நிமிடம் பொறுத்திருந்த ஞாபகம் இல்லை.

"இதற்கு என்னிடம் மருந்து இல்லை" என்றார் டொக்டர். "வெளியில் போய் உடம்பால் ஏதாவது வேலை செய். காற்றில் இரு." இரண்டு கடுதாசிகளிலும் நெஞ்சு சுத்தம் என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். அவன் சொன்னது எதுவும் அந்தக் கடுதாசியில் இல்லை.

பின்னேரம் ஐயா வந்ததும் அவற்றை மேசையில் வைத்தேன். அவர் சட்டைகூடக் கழற்றாமல் இரண்டையும் வாசித்தார். முத்திரையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் அண்ணாவும் அம்மாவும் நின்றோம்.

"இதிலை திகதி போடேல்லை" என்றார்.

"ஐயா."

"திகதி இல்லாட்டில் செல்லாது. சொல்லுறன்."

அண்ணா பேனையை எடுத்து ஐயாவின் முன்னால் வைத்தான். "போடுங்கோ, செல்லும். மற்றதுகள் செல்லினதுதானே."

ஐயா பேனையைத் தொடவில்லை. மறுநாள் காலை அவர் முகம் கழுவப் போன நேரத்தில் மேசையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். மதர் திகதியைப் பார்க்கவில்லை. முத்திரையைத்தான் பார்த்தார். "அப்படியானால் உமது தமையனுக்கு என்னதான்?" என்று கேட்டார். "படிக்க விருப்பமில்லை, மதர்" என்றேன். அவர் முகம் சுருங்கிய விதத்தைப் பார்த்தால், கசமே பரவாயில்லை என்று நினைத்திருப்பார். என் பெயர் சோதனைக்குப் போனது.

அதே கேள்வியை மாமி மதிலடியில் வைத்து அம்மாவைக் கேட்டா. அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, "படிக்கமாட்டானாம்" என்றா. அந்த ஒரு சொல் அம்மாவின் வாயிலிருந்து வெளியே வர நாலு மாதம் எடுத்தது. மாமிக்குப் பெரிய ஏமாற்றம். நெஞ்சு வருத்தத்துக்குத் தோடம்பழம் கொண்டுவந்தவ இதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

பெயரை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதும்படி அண்ணா கேட்டான். ஐயா மூன்று நாள் அசையவில்லை. நாலாம் நாள் அண்ணாவே எழுதினான், ஒரே ஒரு வரி: நான் இனி வரமாட்டேன், பெயரை எடுத்துவிடுங்கள். என்னிடம் நீட்டி, "உன்ரை 'கொன்வலசென்ற்' எங்கயும் சேக்கவேணுமோ?" என்றான். வேண்டாம் என்றேன். ஐயா அதைத் தபாலில் போடவிடாமல் வாங்கினார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு பிரதி எடுத்தார். பிரதியை மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி மேசை லாச்சிக்குள் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கண்ட அப்படியான முதல் கடுதாசி.

இப்போது அண்ணா, அன்றைக்கு பஸ்ஸிலிருந்து பார்த்த அந்தக் கராஜில்தான் வேலை செய்கிறான். நகத்துக்குள் கறுப்பு எண்ணெய். கடிப்பதில்லை, கடித்தால் வாய் கைக்குமாம். யாராவது வந்து மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் ஐயா இன்றைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்: "கெட்டிக்காரப் பொடியன். சின்ன வயசில நெஞ்சு கொஞ்சம் பலவீனம். டொக்டர்மார்தான் படிப்பு வேண்டாமெண்டு நிப்பாட்டினவை." சொல்லிவிட்டுப் பழக்கத்தில் திரைச்சீலைப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். நான் இப்போது திரைக்குப் பின்னால் நிற்பதில்லை. வந்தவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஐயா முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.